மேஸ்திரி பேரவையும் ஐந்தாவது சனிக்கிழமையும்

ஒரு மாதத்துக்கு எத்தனை நாள் என்று எங்கள் மருத்துவமனைக் கம்ப்யூட்டரைக் கேட்டால் இருபத்தெட்டு என்று சொல்லும். எல்லா மாதத்துக்கும் இருபத்தெட்டுதான். வாரத்துக்கு ஏழு நாள், மாதத்துக்கு நாலு வாரம், என் கணக்கு சரி, உலகம்தான் தப்பு என்பது அதற்குள் ஓடும் நிரலை எழுதிவிட்டுப் போன பழைய ஆளின் கொள்கை. அவர் ரொம்பப் படித்தவர். அவர் போன பிறகு அவருடைய நாற்காலியில் என்னைத் தூக்கி வைத்தார்கள். அதற்கு முன் நான் சலவைப் பிரிவில் போர்வைகளை வார்டு வாரியாகப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தவன். ஆறு மாதப் பயிற்சி கொடுத்து, இனி நீதான் நிரலாளர் என்றார்கள். என் அறைக்கும் அழுக்குத் துணிக் கிடங்குக்கும் நடுவில் இன்றைக்கும் ஒரு பலகைத் தடுப்புதான் இருக்கிறது.

டயாலிசிஸ் பிரிவில் யாருக்கு, என்றைக்கு, எந்த மெஷின் என்று பட்டியல் போடுவது அந்த நிரலின் வேலை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் காலையில் மருத்துவமனை வண்டி வீட்டுக்கு வரும். பட்டியல் கொடுக்கும் எண்ணை அழுத்தினால்தான் மெஷின் ஓடும். முன்பெல்லாம் அந்தப் பிரிவின் பெரிய சிஸ்டர் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருப்பார். மாதக் கடைசியில் பெயர்களைத் தன் கையால் எழுதிக்கொண்டு, தன்னிடமிருந்த சாவியைப் போட்டு மெஷினை ஓட்டிவிடுவார். அதனால் நிரலின் கொள்கை யாருக்கும் தெரியாமலே போயிற்று. இந்த மாதம் முதல் தேதி நிர்வாகம் அவரிடமிருந்து நோட்டையும் சாவியையும் வாங்கிக்கொண்டது. 'ஒரே உண்மை, ஒரே இடம்' என்று சுவரில் ஒரு தாளையும் ஒட்டியது.

முதல் தேதி சனிக்கிழமை. ஆகவே இருபத்தொன்பதும் சனிக்கிழமை. சனிக்கிழமைப் பட்டியலில் பதினோரு பேர். அதில் ஐந்தாவது பெயர் என் அக்காவின் கணவர்.

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். லிஃப்ட் மெக்கானிக். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு நாலு வருஷம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி மெஷினில் படுப்பார். மற்ற நாட்களில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவார். ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான். அந்தப் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் காலை, மதியம், மாலை என்று கோடு போட்டு வைத்திருப்பார். மாலைக் கோட்டைத் தாண்டி அவர் குடித்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதரை வியாழக்கிழமைக்குப் பிறகு அடுத்த செவ்வாய் வரை, ஐந்து நாள் மெஷின் இல்லாமல் விடப்போகிறது இந்த நிரல்.

இதை நான் கண்டுபிடித்தது பத்தாம் தேதி, திங்கட்கிழமை. திருத்த வேண்டியது ஒரே ஒரு வரி. நாலு என்று இருந்த இடத்தில் ஐந்து. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. திருத்திவிட்டு, கட்டு என்று மேஸ்திரிக்கு உத்தரவு கொடுத்தேன்.

மேஸ்திரி என்பது ஆள் இல்லை, ஒரு கருவி. எங்கள் நிரல் எழுதப்பட்ட மொழிக்கென்றே செய்த கருவி. நாம் எழுதிய நாலு வரிக்குக் கீழே வேறு யாரோ எழுதிய நானூறு துண்டுகள் இருக்கும். பொதிகள் என்பார்கள். எந்தப் பொதி வேண்டும், அதன் எத்தனையாவது பதிப்பு வேண்டும், எது எதோடு ஒத்துப்போகும் என்று பார்த்து, எல்லாவற்றையும் தருவித்து, அடுக்கி, நிரலைக் கட்டி, கடைசியில் ஒரு முத்திரை குத்தித் தரும். முத்திரை இல்லாத நிரலை மருத்துவமனையின் சர்வர் உள்ளே விடாது. கதை முழுக்க இந்த முத்திரையைப் பற்றித்தான்.

மேஸ்திரி யோசித்தது. பிறகு சிவப்பு எழுத்தில் சொன்னது: 'நாள்காட்டி' என்ற பொதிக்கு 'எண்' என்ற பொதியின் மூன்றாம் பதிப்புதான் வேண்டும். 'அட்டவணை' என்ற பொதிக்கு அதே 'எண்' பொதியின் நாலாம் பதிப்புதான் வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியாது. கட்ட மாட்டேன்.

போன மாதம் வரை இதே இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன. கேட்டால், மேஸ்திரி முதல் தேதியன்று தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதாம்; பழைய சமாதானங்களை எல்லாம் என் பாதுகாப்புக்காக அழித்துவிட்டதாம்.

சரி, மூன்றாம் பதிப்புக்கும் நாலாம் பதிப்புக்கும் அப்படி என்னதான் வித்தியாசம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஓர் இடத்தைத் தவிர. மூன்றாம் பதிப்பின் முகப்பில் 'என் அன்பு மனைவிக்கு நன்றி' என்று இருந்தது. நாலாம் பதிப்பில் அந்த வரி இல்லை. அதை எழுதியவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது. நன்றியை நீக்கியது பெரிய மாற்றம் என்று அவர் கருதியிருக்கிறார். வீட்டில் அது பெரிய மாற்றமாகத்தான் இருந்திருக்கும். அதனால் பதிப்பு எண்ணை முழுதாக ஒன்று ஏற்றிவிட்டார். அந்த நன்றிக்கும் என் மாமாவின் ரத்தத்துக்கும் இப்படித்தான் சம்பந்தம் ஏற்பட்டது.

எனக்குக் கோபம் வந்தது. மேஸ்திரியை ஒதுக்கிவிட்டு, கையாலேயே எல்லாவற்றையும் கோத்து நேரடியாகக் கட்டிப்பார்த்தேன். நாலு செகண்டில் கட்டி முடிந்தது. ஓட்டினேன். இருபத்தொன்பதாம் தேதி, பதினோரு பெயர், பதினோரு மெஷின், அழகாக வந்து நின்றன. சர்வருக்கு அனுப்பினேன். முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பியது.

அன்று சாயந்திரம் மாமாவிடம் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து ஏதோ ஒரு ரிலேயைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பொதி, பதிப்பு, நன்றி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் ஒன்றுதான் கேட்டார்.

"இந்த மேஸ்திரிக்கு மேல யாரும் இல்லையா?"

இருந்தார்கள். மேஸ்திரி பேரவை என்று ஓர் அமைப்பு. எந்தப் பொதி எந்தப் பதிப்போடு மட்டும் சேரலாம் என்ற வரம்பு, எதற்கு விலக்கு, யாருக்கு முத்திரை என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தான். முதலில் பொதியின் ஆசிரியரிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்பது அவர்கள் விதி. 'நாள்காட்டி'யின் ஆசிரியருக்கு எழுதினேன், ஐயா, நாலாம் பதிப்பும் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. நேரம் என்பது மாறிக்கொண்டே இருப்பது என்றும், மாறுகிற எதுவும் தூய்மையானதல்ல என்றும், ஆகவே இனி நாள், தேதி போன்றவற்றைப் பற்றித் தான் கருத்துச் சொல்வதில்லை என்று தீர்மானித்திருப்பதாகவும் எழுதியிருந்தார். கடிதத்தில் தேதி போடவில்லை. கொள்கைப் பிடிப்புள்ள மனிதர்.

பதினாலாம் தேதி நேரிலேயே பேரவைக்குப் போனேன். ஏழாவது மாடி. வரவேற்பறையில் ஆறு நாற்காலிகள், ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒருவர் எழுந்தால் மற்ற ஐந்து பேரும் ஆடுவார்கள். எனக்கு முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ரயில் சிக்னல் துறை. ஒருவர் குடிநீர் வாரியம். மற்ற இரண்டு பேருக்கும் தாங்கள் எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது. ஆனால் டோக்கன் கையில் இருந்தது, அதனால் உட்கார்ந்திருந்தார்கள்.

மனுப் படிவம் பதினாலு பக்கம். என் பெயர், என் பதிப்பு எண், நான் யாரைச் சார்ந்திருக்கிறேன், யார் என்னைச் சார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தது. எனக்குப் பதிப்பு எண் கிடையாது என்றேன். வரவேற்பில் இருந்த பெண் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், கல்யாணத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பெரும்பாலானவர்கள் போடுகிறார்கள் என்றாள். இரண்டு என்று போட்டேன். பன்னிரண்டாம் பக்கத்தில் 'முரண்பாட்டால் பாதிக்கப்படுபவர், ஒருவர் மட்டும்' என்று இருந்தது. பதினோரு பேர் என்று எழுதப் போனேன். கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. மாமாவின் பெயரை எழுதினேன். எழுதும்போது மற்ற பத்துப் பேரின் முகமும் வந்து போயிற்று. எனக்கு அசிங்கமாக இருந்தது.

விசாரணை பத்தொன்பதாம் தேதி. மாமாவும் வரவேண்டும் என்றார்கள். அவர் வேலையிலிருந்து நேராக, பையோடு வந்தார். வரும்போதே அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மூன்றாவது மாடியில் லேசாக உதறுவதைக் கவனித்திருந்தார். வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். பெரிய சிஸ்டரும் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவர், வரம்புக் காவலர், தூய்மை அலுவலர். கூட்டம் தொடங்கும் முன் மூவரும் எழுந்து நின்று, போன கூட்டத்தில் தாங்கள் சொன்ன எதையும் மாற்றிக்கொள்ளவில்லை என்று உறுதி சொன்னார்கள். அதற்கே கால்மணி நேரம். தூய்மை அலுவலரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நிரல் மொழியில் ஒரு பெயருக்கு ஒரு தடவை ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். பிறகு யாராலும் அதை மாற்ற முடியாது. அதனால்தான் நிரலில் தப்பே வராது என்பார்கள். நல்ல விஷயம்தான், நிரலுக்குள் இருக்கும்வரை. அதை நிரலுக்கு வெளியேயும் நடத்திக்காட்டுவதற்கு வைத்திருந்த ஆள்தான் இந்தத் தூய்மை அலுவலர். பல வருஷமாக ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார் என்று வரவேற்புப் பெண் பெருமையாகச் சொன்னாள்.

முதலில் வரம்புக் காவலர் பேசினார். வரம்பு என்பது ஒரு வாக்குறுதி என்றார். இன்னும் பிறக்காத பதிப்புகளைப் பற்றி ஆசிரியர்கள் இன்றைக்கே கொடுக்கும் வாக்குறுதி. அதை மீற அனுமதித்தால் நாளைக்கு உலகத்தில் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள். இதுவரை தன் கையெழுத்தோடு வெளியே போன ஒரு நிரல்கூட உடைந்ததில்லை என்று மேஜையைத் தட்டினார். எத்தனை போயிருக்கிறது என்று பெரிய சிஸ்டர் கேட்டார். நாலு வருஷத்தில் இரண்டு என்று அவர் சொன்னார். குரலில் அடக்கம் இருந்தது.

நான் நன்றி வரியைக் காட்டினேன். இரண்டு பதிப்புக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம், அதனால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு மனிதன் தன் மனைவிக்குச் சொன்ன நன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்வதைச் சின்ன மாற்றம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்டார். பேரவை குடும்ப அமைப்பை மதிக்கிறது என்பதைக் குறிப்பில் பதியச் சொன்னார். பதிந்தார்கள்.

அப்போது தூய்மை அலுவலர் மாமாவின் பக்கம் திரும்பினார். குரல் மிகவும் கனிவாக இருந்தது.

"வியாழக்கிழமை உங்க ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. சுத்தம் ஆயிடுது. அப்படித்தானே?"

ஆமாம் சார் என்றார் மாமா.

"அப்போ சனிக்கிழமை அது எப்படி அசுத்தமாகும்? நடுவுல யார் அதை மாத்தினது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். யாரும் மாற்றவில்லை, சாப்பிடுவோம், தண்ணீர் குடிப்போம், உடம்பு அப்படித்தான் என்று சிஸ்டர் சொன்னார். தூய்மை அலுவலர் புன்னகைத்தார். யாரும் மாற்றவில்லை என்றால் மதிப்பு மாறியிருக்க முடியாது. மாறியது என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்த ஆளைக் கண்டுபிடிக்காமல் பாவம் நாள்காட்டியைத் திருத்துவதில் என்ன நியாயம் என்றார். பிறகு எழுதிவைத்திருந்த ஒரு யோசனையைப் படித்தார்: நோயாளியை வியாழக்கிழமை மாலை இருந்த நிலையிலேயே உறையவைத்து, செவ்வாய்க்கிழமை வரை அதே மதிப்பைப் பயன்படுத்தலாம்.

"எங்க மொழியில இதைத் தினமும் பண்றோம். ஒரு பிரச்சினையும் வந்ததில்ல."

இதைச் சொல்லும்போது அவர் விளையாடவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேலி செய்திருந்தால்கூட மேஜையைத் தாண்டிப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். அவர் உண்மையாகவே என் மாமாவுக்கு உதவிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் எழுந்து, அடுத்த சனிக்கிழமை என் பிரிவுக்கு வந்து நுரையீரலில் தண்ணீர் கோத்தவன் மூச்சு விடுவதைப் பத்து நிமிஷம் பாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார். வெளியுலகத்தைப் பார்த்து முடிவெடுப்பது பேரவையின் விதிகளுக்கு விரோதம் என்று தலைவர் வருத்தத்தோடு தெரிவித்தார்.

மாமாவுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கடைசியில் கேட்டார்கள். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"சார், லிஃப்டுல ஆள் மாட்டிக்கிட்டா நாங்க முதல்ல கதவைத் திறந்து ஆளை வெளிய எடுப்போம். ஏன் நின்னுச்சு, யார் தப்புங்கறதெல்லாம் அப்புறம்தான். நீங்க முதல்ல கதவைத் திறங்க."

உதாரணம் பொருத்தமானதா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தார்கள்.

ஆனால் அனுமதி கிடைத்தது. அதுதான் கொடுமை. இருபத்தோராம் தேதி கடிதம் வந்தது. மனிதாபிமான அடிப்படையில், ஒரே ஒரு தடவை, வரம்புக்கு விலக்கு. துள்ளிக் குதித்தேன். அக்காவுக்கு போன் போட்டேன். அவள் அழுதாள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். விலக்குப் பெற்ற நிரலைப் பழைய பொதிகளை வைத்துக் கட்டக்கூடாது. எல்லாவற்றையும் அடியிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டும். நிரலைக் கட்டும் கருவியை, அந்தக் கருவியைக் கட்டும் கருவியை, அதையும் கட்டிய கருவியை. மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். நடுவில் எந்தத் துண்டிலாவது புதுப் பதிப்பு வந்தால், முதலிலிருந்து.

நாலு செகண்ட் வேலை. ஏழு நாள் ஆகும் என்று மேஸ்திரி சொன்னது. விரலை விட்டு எண்ணினேன்: இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயந்திரம். போதும். ஒரு ராத்திரி மிச்சம் இருக்கிறது.

அந்த ஏழு நாளும் என் அறையில் மின்விசிறியைக்கூடப் போடவில்லை, ஃப்யூஸ் போய்விடுமோ என்ற பயத்தில். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் போர்வைகளின் நாற்றம் வந்துகொண்டிருந்தது. சிஸ்டர் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போவார். சும்மாயிருக்கவும் இல்லை. பதினோரு பேரையும் வேறு நாளில் சேர்க்கப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஒரு மெஷின்கூடக் காலியில்லை. பக்கத்து மருத்துவமனையில் கேட்டார். அங்கேயும் அதே பழைய ஆள் எழுதிய நிரல்தான், அவர்களுக்கும் இருபத்தெட்டு நாள்தான். நோட்டையும் சாவியையும் ஒரே ஒரு நாளைக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டார். பேரவையில் விஷயம் இருக்கும்போது தலையிட முடியாது என்று நிர்வாகம் பதில் எழுதியது. ஆளாளுக்கு அடுத்தவர் கையில் இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் திரையில் 4811 என்று வந்தது. இன்னும் ஒன்றுதான். சிஸ்டர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது திரை சிவந்தது. 'எண்' பொதியின் ஐந்தாம் பதிப்பு சற்றுமுன் வெளியாகியிருக்கிறது. மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறேன். 4812இல் 1.

அந்தப் புதுப் பதிப்பைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அப்படியே இருந்தது. முகப்பில் ஒரு வரி மட்டும் திரும்ப வந்திருந்தது. 'என் அன்பு மனைவிக்கு நன்றி.' சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நன்றாக இருக்கட்டும். ஒரு நாள் பொறுத்துச் சேர்ந்திருக்கக் கூடாதா என்று நான் அந்த அறையில் கத்தினேன். துணிக் கிடங்கில் இருந்தவர்கள் ஓடிவந்து பார்த்தார்கள்.

மறுநாள் வண்டி வரவில்லை. பட்டியலில்தான் அப்படி ஒரு நாளே இல்லையே. மாமா அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பதினோரு பேரும் எப்படியோ வந்து சேர்ந்திருந்தார்கள். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் பதினோரு மெஷின்களும் சும்மா நின்றன. கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியும். நான் என் நாலு செகண்ட் நிரலைப் பையில் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் நின்றேன். சிஸ்டர் எல்லாரையும் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த டாக்டர் நல்லவர். இரண்டு பேரை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு இன்னும் மூச்சுத் திணறல் வரவில்லை, வந்தால்தான் சேர்க்க முடியும், வந்ததும் வாருங்கள் என்றார். மாமா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் அவர் தண்ணீரே குடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை சட்டை போட்டுக்கொள்ளும்போது மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. அவசரப் பிரிவின் கதவு வரைக்கும் உயிர் இருந்தது. மூச்சுத் திணறலோடு வந்ததால் எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. கூடத்தில் சொந்தக்காரர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. மருத்துவமனை வண்டி, சரியான நேரத்துக்கு வந்திருந்தது. புது மாதம், இரண்டாம் தேதி, செவ்வாய். பட்டியலில் மாமாவின் பெயர் இருந்தது, மெஷினும் ஒதுக்கியிருந்தது, எண்ணும் அச்சாகியிருந்தது. இறந்தவர்களின் பெயரை எடுப்பது புதன்கிழமை வேலை.

டிரைவர் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். நாலு வருஷமாக மாமாவை ஏற்றிப் போனவர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி ஓர் அட்டையை நீட்டினார். அதில் இரண்டே கட்டங்கள்: 'ஏறினார்', 'ஏற மறுத்தார்'.

"ரெண்டுல ஒண்ணு டிக் பண்ணி வீட்டு ஆள் கையெழுத்து வாங்கலன்னா, அடுத்த வீட்டு விலாசம் எனக்குத் திறக்காதும்மா. உள்ள மூணு பேர் உக்காந்திருக்காங்க."

அக்கா வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு மூன்று பேர். அவர்களில் ஒரு அம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன. அக்கா அட்டையை வாங்கி, இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சீக்கிரம் போங்க என்றாள்.

அடுத்த நாள் என் பெயருக்குப் பேரவையின் கடிதம் வந்தது. கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அக்கா என்ன என்று கேட்டாள். நான் மடித்து வைக்கப் பார்த்தேன்; சத்தமாகப் படி என்றாள். படித்தேன். மனுவில் குறிப்பிடப்பட்ட நோயாளி இரண்டாம் தேதியன்று சிகிச்சைக்கு வர மறுத்துவிட்டதாக உரிய கையெழுத்தோடு பதிவாகியுள்ளபடியால், வரம்புக்கு விலக்குத் தேவைப்படும் சூழல் நீங்கியது. முரண்பாடு தீர்ந்தது. கட்டுமானம் நிறுத்தப்படுகிறது. இந்த ஆண்டும் உடைந்த நிரல் ஒன்றுகூட வெளியே போகாமல் ஒத்துழைத்த தங்களுக்குப் பேரவையின் பாராட்டுகள். துணைக்குழு தன் ஆய்வைத் தொடரும்.

இன்னொரு தடவை படி என்றாள். படித்தேன். அவள் அழவில்லை. முகம் மட்டும் இறுகிக்கொண்டே வந்தது. இந்தப் புது மாதத்துக்கு முப்பத்தொரு நாள். அதில் மூன்று நாள் பட்டியலில் வராது. நாளுக்குப் பதினோரு பேர். எல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. புது மனுப் போட வேண்டும், பன்னிரண்டாம் பக்கத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவுக்குப் பிறகும் படிவத்தைத்தான் யோசிக்கிறேன் என்று தெரிந்தபோது என்னையே எனக்குச் செருப்பால் அடிக்கத் தோன்றியது.

அக்கா எழுந்தாள். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அவர் மறுத்தாருன்னு என் கையெழுத்துல எழுதி வெச்சிருக்காங்க. அந்தக் கையெழுத்தை நான் திரும்ப வாங்கணும். எழுந்திரு."

அங்கே முதலில் டோக்கன் வாங்க வேண்டும் என்றேன்.

"கதவைத் திறக்காம எப்படி இருக்காங்கன்னு நான் பாக்கறேன். அந்த சிஸ்டருக்கு போன் போடு. மத்த பத்துப் பேர் வீட்டுக்கும் போடு."

போட்டேன். எட்டு வீட்டில் உடனே எடுத்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வருவதற்குள் அவள் தெருமுனைக்குப் போய்விட்டாள். நான் பின்னால் ஓடினேன்.